தொடர்பு வலையும் தொற்றுநோய்த் தடுப்பும்

ஒரு கிராமத்தில் ஆயிரம் பேர் வாழலாம். நோய் அந்த ஆயிரவரையும் ஒருங்கே அணுகுவதில்லை. ஒருவரிடமிருந்து அவரோடு பழகுவோருக்கும், அவர்களிடமிருந்து அவர்தம் உற்றாருக்குமாக அது வழி தேடிச் செல்கின்றது. மக்கள் தொகையைக் கணக்கிடுவது எளிது. இவ்வழியைக் காண்பதே கடினம்.

இந்தியாவில் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் 1962-ல் தொடங்கியபோது, மக்களுள் 80 சதவிகிதத்தினருக்கு அம்மை குத்திவிட்டால் நோய் தானே மறையும் எனக் கருதப்பட்டது. குத்தியோர் எண்ணிக்கை பெருகிற்று, நோயோ மறையவில்லை. காரணம் யாது? எளிதில் அகப்பட்ட பள்ளிச் சிறுவர்களுக்கே மீண்டும் மீண்டும் குத்தப்பட்டது. கூலிக்கு ஊர்விட்டு ஊர் செல்வோரும், ஒதுக்குப்புறத்தில் வாழ்வோரும், கைக்குழந்தைகளும் விடுபட்டனர். விடுபட்ட இருபது பேர் நூற்றுவரிடையே சிதறியிருப்பின் தீங்கு குறைவு. அவர்கள் ஒரே தெருவில் கூடி வாழ்வாராயின் அங்கே நோய்க்குத் தடையே இல்லை. சதவிகிதக் கணக்கு இவ்வேறுபாட்டைக் காட்டாது.

1966-ன் இறுதியில் கிழக்கு நைஜீரியாவில், போதிய மருந்து கிடைக்காத நிலையில், டாக்டர் வில்லியம் ஃபேகி நோய் கண்ட ஊர்களிலும் அங்கிருந்து நோய் பரவக்கூடிய இடங்களிலும் மட்டும் குத்தச் செய்தார். நோய் அடங்கிற்று. 1973 முதல் இம்முறை இந்தியாவில் தீவிரமாகக் கையாளப்பட்டது. ஊழியர்கள் அம்மை கண்ட குழந்தையின் படத்தைச் சந்தையிலும் பள்ளியிலும் காட்டி, இத்தகைய நோயாளி எங்கேனும் உண்டா என வினவினர். பதிவேட்டில் ஏறாத பலர் இவ்வாறே வெளிப்பட்டனர்.

ஊழியர் சுற்றி வளைக்க வேண்டியது நிலப்படத்தில் வரையும் வட்டமன்று. 1974-ல் டாட்டாநகரில் பரவிய நோய் ரயில் பயணிகளோடு தொலைவிலுள்ள கிராமங்களை அடைந்தது. பக்கத்து ஊரைக் காட்டிலும் தொழிலாளியின் சொந்த ஊரே நோய்க்கு அண்மையாயிற்று! அவ்வாண்டில் நாட்டில் பதிவான நோயாளிகள் ஏறத்தாழ 1,88,000 பேர். 1975 மே மாதத்திற்குப் பின் ஒருவரும் இலர்.

பெரியம்மை இம்முறைக்கு இடங்கொடுத்தது. தொற்றியபின் நோய் தோன்ற ஏறத்தாழ 12 நாட்கள் ஆகும். தொற்றிய மூன்று, நான்கு நாட்களுக்குள் குத்தினும் பெரும்பாலும் பயன் உண்டு. நோயாளியையும் அவர் முகமே காட்டிக் கொடுத்துவிடும். 2020-ல் பரவிய கோவிட் அத்தகையதன்று. அறிகுறி தோன்றுமுன்பே அது பிறரைப் பற்றியதால், நோயாளியைக் கண்டபின் வளைப்பது பலகால் காலங்கடந்த செயலாயிற்று.

அத்தகைய நோய்களில், பலரோடு பழகுவோரை முன்னதாகவே அறிதல் நலம். அவர்களை எவ்வாறு அறிவது? ஓர் ஆசிரியரும் நான்கு மாணவரும் உள்ளனர் எனக் கொள்வோம். மாணவர் ஒருவரையொருவர் அறியார். ஆசிரியரை மட்டும் அறிவர். ஐவருள் ஒருவரைக் குருட்டாம்போக்கில் பொறுக்கினால் ஆசிரியர் அகப்படும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. பொறுக்கியவரிடம், “உமக்குப் பழக்கமான ஒருவர் பெயரைக் கூறும்” என்று கேட்டால், அவ்வாய்ப்பு ஐந்தில் நான்காகும். வலை முழுவதையும் வரைய வேண்டுவதில்லை; ஒரு கேள்வி போதும். 2009-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இவ்வாறு பெயர் சுட்டப்பட்ட நண்பர் குழுவினரிடையே இன்ஃபுளுயன்ஸா, குருட்டாம்போக்கில் தேர்ந்த மாணவரிடையே தோன்றியதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னரே காணப்பட்டது.