கம்பியில்லாத் தொடர்பில் தேங்கும் நேரம்

பெங்களூரின் கிழக்கு எல்லையிலுள்ள வைட்ஃபீல்ட், 1882-இல் மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜ உடையார் வழங்கிய நிலத்தில் ஆங்கிலோ-இந்தியரின் குடியேற்றமாகத் தோன்றிய சிற்றூர். இந்திய-சிங்கப்பூர் கூட்டுமுயற்சியாக 1990-களில் அங்கு எழுந்த தொழில்நுட்பப் பூங்கா அதன் தோற்றத்தையே மாற்றிவிட்டது. இன்று அது மென்பொருள் அலுவலகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கும் பகுதி. 2020 மார்ச் இறுதியில் நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, இத்தகைய பகுதிகளில் அலுவலகமும் வகுப்பறையும் வீட்டிற்குள் வந்துவிட்டன. வீட்டில் ஒருவர் பெரிய கோப்பொன்றை அனுப்பத் தொடங்கியதும், மற்றொருவரின் குரல் உரையாடல் தடைபடுவதும் மாணவரின் பாடக் காட்சி உறைந்து நிற்பதும் பலரும் அறிந்த நிகழ்ச்சிகள். கூடுதல் வேகத்திற்குக் கட்டணம் செலுத்தியும் இக்குறை பெரும்பாலும் நீங்குவதில்லை. ஏனெனில், பல இடங்களில் இதன் காரணம் வேகக் குறைவன்று, காத்திருப்பேயாகும்.

வேகம் வேறு, தாமதம் வேறு

ஒரு நொடியில் எவ்வளவு தகவல் செல்கிறது என்பது வேகம். ஒரு தகவல் பொதி புறப்பட்டுச் சேர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது தாமதம். அகலமான சாலையிலும் சுங்கச் சாவடியில் நீண்ட வரிசை இருந்தால் பயணம் தாமதப்படும் அல்லவா? வலையமைப்பின் நிலையும் அதுவே.

ஒவ்வொரு வலையமைப்புக் கருவியிலும், பொதிகள் தம் முறை வரும்வரை தங்குவதற்கு இடைத்தேக்கம் எனப்படும் நினைவகப் பகுதி உண்டு. திடீரென வரும் நெரிசலைத் தாங்க அது தேவை. ஆனால், நினைவகத்தின் விலை குறையக் குறைய, உற்பத்தியாளர்கள் இத்தேக்கத்தை அளவின்றிப் பெருக்கினர். 1,500 பைட் கொண்ட 1,000 பொதிகள் ஒரு வரிசையில் நிற்பதாகக் கொள்வோம். அவற்றின் மொத்த அளவு 120 லட்சம் பிட். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் அவை 0.12 நொடியில் வெளியேறிவிடும். வேகம் 6 மெகாபிட்டாகக் குறைந்தாலோ, கடைசிப் பொதி 2 நொடி காத்திருக்க வேண்டும். உரையாடலுக்கு இது ஒவ்வாத தாமதம்.

இதில் மற்றொரு தீமையும் உண்டு. இணையத்தில் பெருமளவு பயன்படும் டி.சி.பி. நெறிமுறை, பொதிகள் கைவிடப்படுவதையே நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு தன் வேகத்தைக் குறைக்கிறது. தேக்கம் பெரிதாயின் பொதி எளிதில் கைவிடப்படுவதில்லை. எச்சரிக்கையும் உரிய காலத்தில் சென்று சேர்வதில்லை. அனுப்புவோர் வரிசையை நிரப்பிக்கொண்டே போகின்றனர். இந்நிலையை அமெரிக்கப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் 2010-இல் வெளிச்சத்திற்குக் கொண்டு வந்தார். அவரும் டேவ் டாட் என்பவரும் பிறரும் 2011 முதல் இதற்குத் தீர்வுகாணும் கூட்டுமுயற்சியை நடத்தினர்.

வைஃபையின் தனிச்சிக்கல்

கம்பித் தொடர்பில் வேகம் பெரும்பாலும் நிலையானது. வைஃபையிலோ தொலைவு, சுவர், அண்டை வீட்டுக் கருவியின் அலை ஆகியவற்றைப் பொறுத்து அது நொடிக்கு நொடி மாறும். ஆதலால், எல்லா வேளைக்கும் பொருந்தும் ஒரே தேக்க அளவை முன்கூட்டியே வரையறுக்க இயலாது.

மேலும், வைஃபை பல பொதிகளைத் திரட்டி ஒரே தொகுப்பாக அனுப்புகிறது. இதற்காக, வன்பொருளை இயக்கும் இயக்கி மென்பொருள் தனக்கென ஒரு வரிசையை வைத்திருந்தது. மேலடுக்கில் எத்துணைச் சிறந்த ஒழுங்குமுறை இருப்பினும், கீழே மறைந்திருந்த இவ்வரிசை அதனைப் பயனற்றதாக்கியது.

மூன்றாவதாக, அலைவெளி அனைவருக்கும் பொது. 100 மெகாபிட் வேகக் கருவி ஒரு பொதிக்கு எடுக்கும் நேரத்தைப்போல, 6 மெகாபிட் வேகக் கருவி ஏறத்தாழ 17 மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. பொதிகளின் எண்ணிக்கையில் சம வாய்ப்பு அளித்தால், தொலைவிலுள்ள ஒரே கருவி அனைவரின் நேரத்தையும் விழுங்கிவிடும்.

கண்ட தீர்வுகள்

கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் 'கோடெல்' என்னும் முறையை வெளியிட்டனர். இது வரிசையின் நீளத்தை அளப்பதில்லை. ஒவ்வொரு பொதியும் காத்திருந்த நேரத்தை அளக்கிறது. 100 மில்லிநொடிக் கால அளவு முழுவதும் காத்திருப்பு 5 மில்லிநொடிக்குக் குறையாமலேயே இருந்தால், ஒரு பொதியைக் கைவிட்டு அனுப்புவோரை எச்சரிக்கிறது. நிலைமை சீரடையாவிடில் இவ்வெச்சரிக்கைகளுக்கு இடையிலான காலம் சுருங்குகிறது. இதனுடன் ஒவ்வொரு தொடர்பிற்கும் தனி வரிசை அளிக்கும் முறையும் இணைந்தபோது, பெரிய கோப்பின் பின்னே குரல் பொதி காத்துக்கிடக்கும் நிலை மாறியது.

இம்முறையை வைஃபைக்கு ஏற்றவாறு அமைத்த ஆய்வு, சுவீடனின் கார்ல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தினரும் டேவ் டாட்டும் பிறரும் சேர்ந்து 2017-இல் வெளியிட்டதாகும். இயக்கியின் மறைவரிசை லினக்ஸின் பொதுவான வைஃபை அடுக்கிற்கு மாற்றப்பட்டது; பங்கீடு பொதிக் கணக்கில் அன்றி, அலைநேரக் கணக்கில் செய்யப்பட்டது. பளு மிகுந்த வேளையிலும் தாமதம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. பின்னர், வன்பொருளிடம் ஒரே வேளையில் எவ்வளவு அலைநேரத்திற்குரிய பொதிகளை ஒப்படைக்கலாம் என்பதற்கும் லினக்ஸில் வரம்பு விதிக்கப்பட்டது.

இத்துறையில் கர்நாடகத்திற்கும் பங்குண்டு. சூரத்கல் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் மோகித் தஹிலியானியும் அவர்தம் மாணவர்களும் உருவாக்கிய மற்றொரு வரிசை ஒழுங்குமுறை, 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6-இல் இடம்பெற்றது. வைட்ஃபீல்டின் வீடுகள் அலுவலகங்களாக மாறிய அதே மாதத்தில் இது நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது.

நிர்வாகம் கருத வேண்டியவை

பள்ளி, சுகாதார நிலையம், அரசு அலுவலகம் ஆகியவற்றிற்கு வைஃபை கருவிகள் வாங்கும்போது ஒப்பந்தப்புள்ளிகள் வேகத்தை மட்டுமே கேட்பது போதாது. பளு ஏற்றிய நிலையில் தாமதம் எவ்வளவு என்பதையும், மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகளுக்கு வழங்கப்படும் என்பதையும் கேட்டல் வேண்டும். இதனைச் சோதிப்பது எளிது: இணைப்பு ஓய்வாக உள்ளபோது ஒரு முறையும், பெரிய கோப்பொன்றை அனுப்பும்போது மறுமுறையும் தாமதத்தை அளந்து ஒப்பிட்டால் போதும். இரண்டும் பெரிதும் வேறுபட்டால், குறை தேக்கத்தில் உள்ளது.

நெரிசல் வைஃபையில் இல்லாமல் வெளி இணைப்பில் இருப்பின், ரவுட்டரின் வேக வரம்பை இணைப்பு வேகத்திற்குச் சற்றுக் கீழே அமைத்தால், வரிசை நம் கட்டுப்பாட்டிற்குள் வரும். இதற்கு வேண்டிய மென்பொருள் பலவும் கட்டணமின்றிக் கிடைப்பவை.

கூடுதல் வேகத்திற்குச் செலவிடும் பொதுப்பணம் முழுப்பயன் தர வேண்டுமாயின், வரிசையின் ஒழுங்கும் கவனிக்கப்பட வேண்டும். தொலைவிலிருக்கும் மருத்துவரின் சொல் நோயாளிக்கு உரிய நேரத்தில் சென்று சேர்வது, இணைப்பின் அகலத்தை மட்டுமன்றி, இடையில் தேங்கும் நேரத்தையும் பொறுத்தது.