எண்ணெய் அரசியலும் மாத்தளைத் தேயிலையும்

மாத்தளை மாவட்டத்தில் எண்ணெய்க் கிணறு எதுவும் இல்லை. ஆயினும் எண்ணெய் அரசியலின் தாக்கத்திற்கு இம்மாவட்டம் என்றும் விலக்காக இருந்ததில்லை. 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் நீண்டு கிடந்த வரிசைகளை எவரும் மறந்திருக்க முடியாது. டீசலின்றி லொறிகள் முடங்கியதால் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தின் மரக்கறி வணிகம் தடுமாறியது. அந்நியச் செலாவணி வற்றிப்போனமையே அதற்கு முதற்காரணம். ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்ததைத் தொடர்ந்து மசகு எண்ணெய் பீப்பாய் ஒன்றின் விலை 100 டொலரைத் தாண்டியமை, வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போலாயிற்று.

எண்ணெய் விலை உயர்ந்தால் நமக்குத் துன்பம் என்பது யாவரும் அறிந்ததே. விலை வீழ்ந்தாலும் நாம் தப்புவதில்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. இலங்கைத் தேயிலையைப் பெருமளவில் வாங்கிவந்த ஈராக், ரஷ்யா, ஈரான், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகியன எண்ணெய் வளத்தால் வாழும் நாடுகள். 2014 நடுப்பகுதியில் 100 டொலருக்கு மேலிருந்த மசகு எண்ணெய் விலை, 2015 தொடக்கத்தில் 50 டொலருக்கும் கீழிறங்கியது. வாங்குவோரின் கை சுருங்கவே, கொழும்பு ஏலத்தில் தேயிலை விலையும் சரிந்தது. 2015 மார்ச்சில் காலாவதியான தோட்டத் தொழிலாளரின் கூட்டு ஒப்பந்தம் 2016 ஒக்டோபரிலேயே புதுப்பிக்கப்பட்டது. 1000 ரூபா கோரிய தொழிலாளருக்குக் கிடைத்தது 730 ரூபா. தேயிலை விலை வீழ்ச்சியையே கம்பனிகள் காரணம் காட்டின.

எண்ணெய்க்கு இத்தகைய வலிமை எங்கிருந்து வந்தது? எல்லோருக்கும் தேவையான பொருள் சில நாடுகளின் நிலத்தடியில் மட்டும் பெருமளவில் குவிந்திருக்கின்றது. அதனைக் கொண்டுசெல்லும் கடல்வழிகள் குறுகியவை. 2024 ஆம் ஆண்டில் உலகம் பயன்படுத்திய எண்ணெயில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு ஹோர்மூஸ் நீரிணையைக் கடந்தே சென்றது. வணிகமோ பெரும்பாலும் டொலரில் நடைபெறுகின்றது. ஆகவே கிணறு வைத்திருப்பவரும், கடல்வழியைக் காப்பவரும், டொலரை அச்சிடுபவரும் ஏனையோருக்கு நிபந்தனை விதிக்கின்றனர்.

இதனை நம் நாடு முன்னரே அனுபவித்துள்ளது. 1961 ஆம் ஆண்டின் சட்டத்தால் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, மறு ஆண்டு ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ ஆகிய நிறுவனங்களின் சொத்துக்கள் சுவீகரிக்கப்பட்டன. நட்டஈடு குறித்த பிணக்கினால் அமெரிக்கா 1963 பெப்ரவரியில் இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. 1965 இல் பதவியேற்ற டட்லி சேனாநாயக்கவின் அரசு நட்டஈட்டுக்கு இணங்கிய பின்னரே உதவி மீண்டும் கிடைத்தது.

ஈரான் விடயமும் இத்தகையதே. 1969 இல் திறக்கப்பட்ட சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகு எண்ணெய்க்கு ஏற்றவாறு அமைக்கப்பட்டது. 2012 இல் இறுகிய அமெரிக்கத் தடைகளால் அவ்வெண்ணெயைத் தொடர்ந்து வாங்கவோ, வாங்கியதற்குப் பணம் செலுத்தவோ வழியற்றுப் போயிற்று. எஞ்சிய 251 மில்லியன் டொலர் கடனுக்கு மாதந்தோறும் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்புவதென 2021 டிசம்பரில் உடன்பாடு காணப்பட்டது. ஏற்றுமதியாளருக்கு இங்கேயே ரூபாவில் பணம் வழங்கப்படும், டொலர் கைமாறுவதில்லை. வல்லரசின் தடைக்கும் நட்பு நாட்டின் கடனுக்கும் இடையில், தோட்டப் பெண்கள் கிள்ளும் கொழுந்தே நாணயமாயிற்று.

எண்ணெய்ச் செல்வம் நமக்குச் சோறிட்டதையும் மறுப்பதற்கில்லை. மாத்தளையின் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் வீடு எழுந்ததும் பிள்ளைகள் படித்ததும் வளைகுடா உழைப்பினாலேயே. ஆனால் அந்த வாழ்வும் உறுதியானதன்று. 1990 ஆகஸ்ட்டில் ஈராக் குவைத்தினுள் புகுந்தபோது அங்கிருந்த ஏறத்தாழ ஒரு இலட்சம் இலங்கையர் ஒரே நாளில் நிர்க்கதியாயினர். எண்ணெய் வயல்களையும் கடன்களையும் பற்றிய பகையில் எப்பங்குமற்ற பணிப்பெண்களும் சாரதிகளும் உடுத்த உடையோடு ஊர் திரும்பினர்.

வளைகுடாச் செய்திகளை நம்மவர் பெரும்பாலும் உணர்வு வழி நின்றே நோக்குகின்றனர். அவ்வுணர்வு இயல்பானது, எனினும் அதுமட்டும் போதாது. அரசுகள் தத்தம் நலன்களை வைத்தே கணக்கிடுகின்றன என்பதையும் நாம் உணர வேண்டும். திருகோணமலையின் 99 எண்ணெய்க் குதங்கள் தொடர்பாக 2022 ஜனவரியில் இந்தியத் தரப்புடன் செய்யப்பட்ட உடன்படிக்கையாயினும், 2011 இல் மன்னார்க் கடலில் கண்டறியப்பட்ட இயற்கை வாயுவாயினும் இக்கண்கொண்டே நோக்கப்படல் வேண்டும். இத்தகைய உடன்படிக்கைகளின் நிபந்தனைகள் பாராளுமன்றத்தில் வெளிப்படையாக வைக்கப்பட வேண்டும். அவற்றின் விலையை இறுதியில் செலுத்துபவர் உக்குவளையின் முச்சக்கரவண்டிச் சாரதியும் இறத்தோட்டையின் கொழுந்து பறிக்கும் பெண்ணுமே என்பதால், அவற்றை முன்கூட்டியே அறியும் உரிமையும் அவர்களுக்கே முதலில் உண்டு என்பது எமது கருத்தாகும்.