அரைத்த கடலையும் அளந்த ஆற்றலும்

பொன்னேரிக் கடைத்தெருவில் வேர்க்கடலை இன்று மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. ஓட்டோடு அவித்தது ஒன்று. மணலில் வறுத்தது மற்றொன்று. குப்பியில் அடைத்த வேர்க்கடலை வெண்ணெய் மூன்றாவது. மூன்றும் ஒரே விதையிலிருந்து வந்தவை. ஆயினும் அவை உடலுக்குத் தரும் ஆற்றல் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை அறிந்தவர், உடல் எடைக்கு அஞ்சி வேர்க்கடலை வெண்ணெயை ஒதுக்க வேண்டியதில்லை. அறியாதவரோ அதை நலவுணவு என்று நம்பிக் கரண்டி கரண்டியாக உண்டு, எடை கூடியபின் கடலையைப் பழிப்பர்.

கலோரிக் கணக்கைப் பலரும் உணவிலிருந்து தொடங்குகின்றனர். உழைப்பிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் துணிபு. பழவேற்காட்டு ஏரியின் கரைக்குப் போனால் இதற்கான காரணம் விளங்கும். சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஆழம் குறைந்த நீர். சேறும் மணலும் கலந்த அடித்தளம். முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் மீன்பிடி இடத்தில் வலை கட்டி இழுப்பவரின் தோளும் முதுகும் ஓயாமல் உழைக்கின்றன. இடுப்பளவு நீரில் நின்று, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துப் பறியில் இடும் பெண்களின் உழைப்பும் அதற்குக் குறைந்ததன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரைப்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் கடும் உழைப்பில் ஈடுபட்டால் அவருக்கு நாளொன்றுக்கு 3470 கிலோகலோரி வேண்டும். அமர்ந்தே வேலை செய்தால் 2110 போதும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இவ்வளவுகள் முறையே 2720, 1660. தந்தை வலை இழுக்க, மகன் பொன்னேரியில் தொடர்வண்டி ஏறிச் சென்னையில் கணினி முன் அமரும் வீடுகள் இன்று இப்பகுதியில் உண்டு. இருவரும் ஒரே தட்டளவு உண்டால் ஒருவர் மெலிவார். அல்லது மற்றவர் பருப்பார். கடல் சீறும் ஐப்பசி, கார்த்திகையில் படகு கரையேறிவிட்டால் தந்தையின் தேவையும் இறங்கிவிடும். நாவும் வயிறும் அந்த மாற்றத்தை உடனே உணர்வதில்லை.

இனி விதைக்கு வருவோம். தென்னமெரிக்காவில் தோன்றிய இந்தச் செடி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மஞ்சள் பூ மண்ணுக்கு மேலே மலர்ந்து கருவுறும். அதன்பின் சூலகத்தின் அடிப்பகுதி காம்புபோல் நீண்டு மண்ணைத் துளைத்து இறங்கும். காய் மண்ணுக்குள் முற்றும். ஒளி எட்டாத ஆழத்திலிருந்து முளைத்து மேலே வர வேண்டிய கன்றுக்கு, இலை விரியும்வரை வேண்டிய உணவு முழுவதும் விதையிலேயே இருந்தாக வேண்டும். சிறிய இடத்தில் மிகுந்த ஆற்றலைச் சேர்த்து வைக்க எண்ணெயினும் ஏற்ற பொருள் இல்லை. ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ ஏறத்தாழ 4 கிலோகலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 தரும். வேர்க்கடலைப் பருப்பின் எடையில் நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு எண்ணெய். ஏறத்தாழ 25 பங்கு புரதம். ஆகவே 100 கிராம் பருப்பில் 520 முதல் 570 கிலோகலோரி வரை உண்டு. செடி தன் கன்றுக்காகச் சேமித்த செல்வம் அது.

இந்த 4, 9 என்னும் எண்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உணவுப் பொருள்களை மூடிய கலத்துள் எரித்து, வெளிப்பட்ட வெப்பத்தை அளந்தார். பின்னர் மனிதரை உண்ணச் செய்து, மலத்திலும் சிறுநீரிலும் கழிந்த ஆற்றலைக் கழித்தார். எஞ்சிய சராசரியே இன்றுவரை உலகெங்கும் உணவுப் பொட்டலங்களின் மேல் அச்சாகிறது. இந்திய உணவுகளை அளக்கும் பணி தழைத்த இடம் நம் நீலகிரி. குன்னூரில் பாசுடர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் 1918இல் இராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுப் பிரிவே 1958இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அக்குன்னூர்க் கூடத்தின் இயக்குநர் அய்க்ராய்டு 1937இல் வெளியிட்ட உணவு மதிப்புப் பட்டியலும், சேலத்தில் பிறந்த கோபாலனும் அவர் உடனாய்வாளரும் 1971இல் தந்த விரிவான பட்டியலும் இந்நாட்டின் சமையற்கூடங்களுக்கு அமைந்த முதல் துலாக்கோல்கள். அவற்றை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் பட்டியல் கூறுவது பருப்பில் உள்ள ஆற்றலை. குடல் அதில் எவ்வளவைக் கவர்கிறது என்பது தனிக் கேள்வி.

அக்கேள்விக்கு 1980இல் ஒரு தெளிவான விடை கிடைத்தது. லெவின், சில்விஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் தங்கள் ஆய்வை வெளியிட்டனர். முழு வேர்க்கடலை உண்டவர்களிடம், உணவுக் கொழுப்பில் நூற்றுக்கு 17.8 பங்கு செரிக்காமல் மலத்தில் வெளியேறியது. வேர்க்கடலை வெண்ணெய் உண்டபோது அது 7 பங்காகக் குறைந்தது; கடலை எண்ணெயில் 4.5 பங்கே. காரணம் விதையின் நுண்ணமைப்பில் இருக்கிறது. எண்ணெய் அங்கே தேங்கிக் கிடப்பதில்லை. புரதப் போர்வை சுற்றிய மிக நுண்ணிய துளிகளாக உயிரணுக்களுக்குள் அடைபட்டிருக்கிறது. ஒவ்வோர் உயிரணுவுக்கும் நார்ச்சத்தாலான சுவர் உண்டு. அச்சுவரைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. பல் உடைத்த உயிரணுக்களின் எண்ணெயையே பித்தநீரும் கணைய நொதியும் எட்ட முடியும். உடையாதவை பெருமளவு பூட்டிய நிலையிலேயே கடந்து போகின்றன. எவ்வளவு மென்றாலும் பல் எல்லாவற்றையும் உடைப்பதில்லை. ஆலையின் அரைகல்லோ பெரும்பாலான சுவர்களைத் தகர்த்துவிடுகிறது.

அந்த விழுக்காடுகளை அப்படியே பொருத்திப் பார்த்தால், 100 கிராமுக்கு ஏறத்தாழ 50 கிலோகலோரி வேறுபாடு வரும். ஒரு கரண்டி அளவில் இது சிறியதே, மிகைப்படுத்த விரும்பவில்லை. இதனினும் பெரிய வேறுபாடு உண்ணும் வேகத்தில் உள்ளது. ஓட்டோடு அவித்த கடலையை உரித்து, மென்று, விழுங்கக் காலம் வேண்டும். போதும் என்னும் குறிப்பு குடலிலிருந்து மூளைக்குச் சேர அந்தக் காலம் உதவும். மேலும், அவித்த பருப்பில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் நீர் ஏறியிருக்கும். அதனால் அதன் 100 கிராம் ஏறத்தாழ 320 கிலோகலோரியே தரும். அதே எடையுள்ள வேர்க்கடலை வெண்ணெய் 590 அளவில் தரும். அது மெல்லவும் வேண்டாது வழுக்கிச் செல்லும்.

அப்படியானால் அதை விலக்குவதா? கூடாது என்றே சொல்வேன். வறுக்கும்போது பருப்பின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வினைபுரிந்து பைரசின் என்னும் நறுமணச் சேர்மங்களை உண்டாக்குகின்றன. அரைத்த விழுதில் அந்த மணம் எண்ணெயில் கரைந்து நாவில் நெடுநேரம் தங்கும். சிறிதளவே நிறைவு தரவல்ல உணவு அது. மட்டமாக வழித்த ஒரு மேசைக்கரண்டி 16 கிராம்; ஏறத்தாழ 95 கிலோகலோரி. அமர்ந்து பணி செய்யும் ஆணுக்கு இரண்டு கரண்டி அன்றைய தேவையில் பதினொன்றில் ஒரு பங்கு. கேழ்வரகு அடையின் மேல் மெல்லத் தடவி, அந்த அளவுக்கு நல்லெண்ணெயையோ வேறு நொறுக்குத்தீனியையோ குறைத்துக்கொண்டால் எடை கூடக் காரணமில்லை. குப்பியிலிருந்து கரண்டியால் நேரே வாய்க்குக் கொண்டுபோகும் பழக்கமே கணக்கைக் கெடுக்கிறது; குவித்த கரண்டி எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாது. முதல் சில நாட்களேனும் சிறு தராசில் நிறுத்துப் பார்ப்பது நல்லது. குப்பியின் பின்புறத்தையும் படிக்க வேண்டும். வறுத்த கடலை மட்டும் எழுதியிருந்தால் எண்ணெய் மேலே மிதக்கும், கிளறிக்கொண்டால் போதும். சர்க்கரையும், எண்ணெய் பிரியாதிருக்கச் சேர்க்கும் கெட்டிக் கொழுப்பும் இருப்பின், அவற்றுக்காகவும் நாம் ஆற்றல் செலவழித்தாக வேண்டும்.

கடற்கரை ஊர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஈரக்காற்றில் சரியாகக் காயாத கடலையில் அசுபெர்கில்லசு என்னும் பூஞ்சை வளர்ந்து அஃபுளாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோது, அவற்றின் தீனியில் கலந்த கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தே இந்நஞ்சைக் கண்டனர். நெடுங்காலம் உட்கொண்டால் கல்லீரல் புற்றுக்கு வழிவகுக்கும். வறுத்தாலும் முற்றிலும் அழியாது. முழுப் பருப்பில் சுருங்கியதையும் நிறம் மாறியதையும் கண்டு நீக்கலாம். அரைத்தபின் நீக்க வழியில்லை. எனவே வீட்டில் அரைப்பவர் பொறுக்கிய பின்பே அரைக்க வேண்டும்.

ஏரிக்கரை மக்களின் உணவோடு கடலை நன்கு பொருந்துகிறது. அரிசியிலும் கடலையிலும் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. மடவையிலும் இறாலிலும் அது நிறைவு. மீன் வாய்க்காத நாளில் கடலை புரதம் தரும். மீன் வாய்த்த நாளில் அது கடலையின் குறையைத் தீர்க்கும். இங்கே இன்னொன்றையும் மறக்கலாகாது. ஒருவர் அஞ்சும் அந்த ஆற்றல் செறிவே வேறொருவருக்கு உயிர். மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், சுப்பிரமணியன் இயக்குநராக இருந்த 1950களில், எண்ணெய் நீக்கிய கடலைமாவு மூன்று பங்கும் பொட்டுக்கடலை மாவு ஒரு பங்கும் சேர்த்துப் பல்நோக்கு உணவை உருவாக்கியது. 1996இல் பிரான்சின் ஆந்திரே பிரியாந்தும் மிசேல் லெசுகானும் கடலை விழுதில் பால்மாவும் சர்க்கரையும் சத்துகளும் கலந்து வடித்த 92 கிராம் பொட்டலம் 500 கிலோகலோரி தருவது. நீர் இல்லாததால் எளிதில் கெடாது. கடும் மெலிவுற்ற குழந்தைகளை மீட்க உலகம் இன்று அதை நம்பியிருக்கிறது. வலை இழுத்துவிட்டு வருபவரும் வேர்க்கடலை வெண்ணெயைத் தாராளமாகவே உண்ணலாம்.

அளந்து உண்ண வேண்டியவருக்கு நம் அடுக்களையே ஒரு வழி வைத்திருக்கிறது: வேர்க்கடலைச் சட்டினி. விழுதாக்குவதில் அது குப்பி வெண்ணெயைப் போன்றதே. ஆனால் அதில் நீர் சேர்கிறது. வறுத்த பருப்பு 60 கிராம், காய்ந்த மிளகாய், புளி, பூண்டு, உப்பு, 120 மில்லிலிட்டர் நீர் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்தால் நால்வருக்கு ஆகும். மொத்தம் ஏறத்தாழ 350 கிலோகலோரி. ஒருவர் பங்கு 90க்கும் குறைவு. வேர்க்கடலை வெண்ணெயில் ஒரு கரண்டிக்கும் ஈடாகாத ஆற்றலில், தோசைக்குத் தொட்டுக்கொள்ள ஏறத்தாழ மூன்று மடங்கு எடையுள்ள சட்டினி தட்டில் இருக்கும். நீர் கலந்ததால் அன்றே உண்டுவிட வேண்டும். தாளிக்கும் எண்ணெயை மட்டும் கைபோன போக்கில் ஊற்றாமல் தேக்கரண்டியால் அளந்துகொள்ளலாம். ஒரு தேக்கரண்டி 45 கிலோகலோரி கூட்டும்.