எமனுக்கே எமன்!

9 தலை. 34 கை. 16 கால். நடுவில் இருக்கும் பெரிய முகம் எருமை முகம். கழுத்தில் மனுஷத் தலைகளைக் கோத்த மாலை, முதுகுக்குப் பின்னால் கொழுந்துவிட்டு எரியும் நெருப்பு!

ஏதோ ஹெவி மெட்டல் பேண்டோட ஆல்பம் கவர்னு நினைச்சீங்களா? ஸாரி பாஸ்... இவர் சாமி! திபெத்திய பௌத்தத்தில், அதிலும் தலாய் லாமா சார்ந்த கெலுக் பிரிவில், ரொம்ப முக்கியமான தெய்வம். பேரு யமாந்தகர். எமனுக்கே முடிவு கட்டுறவர்னு அர்த்தம்.

'கண்ணை மூடி அமைதியா உட்கார்ந்திருக்கிற புத்தர் எங்கே, இந்த டெரர் பார்ட்டி எங்கே?'ன்னு குழப்பமா இருக்கா? உங்களுக்கு மட்டும் இல்லை. வாடெல் என்கிற பிரிட்டிஷ் டாக்டர் 1895-ல் திபெத்திய பௌத்தம் பத்தி ஒரு தடிமனான புத்தகம் போட்டார். அதில் பாதி விஷயத்தைப் 'பேய் வழிபாடு' கணக்கில் சேர்த்துட்டார் மனுஷன். படத்தைப் பார்த்தார், படிக்கத் தெரியலை. அவ்வளவுதான் மேட்டர்!

குகையில் நடந்த கதை

திபெத்தில் சொல்லப்படும் கதை இது. குகையில் ஒரு துறவி. பல வருஷத் தவம், முடியப்போகிற கடைசி ராத்திரி. அந்த நேரம் பார்த்துத் திருட்டு எருமையோடு உள்ளே நுழையுது ஒரு கொள்ளைக் கூட்டம். எருமையை வெட்டினவங்க, 'சாட்சி இருக்கக் கூடாது'ன்னு துறவியையும் வெட்டிட்டாங்க. ஆத்திரத்தில் எழுந்த முண்டம், தன் தலை கிடைக்காமல் பக்கத்தில் கிடந்த எருமைத் தலையை எடுத்து மாட்டிக்கிச்சு. எமனாவே ஆகி, திருடர்களைத் தீர்த்துக்கட்டிச்சு. அதோட கோபம் அடங்கலை. திபெத்தில் ஒருத்தர் விடாமல் எல்லாரையும் கொல்லக் கிளம்பிடுச்சு.

பயந்துபோன ஜனங்க அறிவுக்கு அதிபதியான மஞ்சுஸ்ரீயிடம் முறையிட, அவர் அதே எருமை முகத்தோடு, அதைவிட பயங்கரமான ரூபம் எடுத்து வந்து எமனை அடக்கினாராம்.

இப்போ படத்தை மறுபடி பாருங்க. அத்தனை கோர முகத்துக்கும் உச்சியில் சின்னதா ஒரு முகம், சாந்தமா இருக்கும். அதுதான் மஞ்சுஸ்ரீ! ஆத்திரத்தில் தலை போனால் எமன் ஆகிடுவோம். கோபத்துக்கு மேலே அறிவு உட்கார்ந்தால், எமனையே அடக்கலாம். இன்டர்னல் மார்க்கில் கை வெச்ச லெக்சரர் முதல் ஏமாத்தின ஃப்ரெண்ட் வரை யார் மேலயாவது கொதிச்சுக்கிட்டு இருக்கிறவங்க இந்தக் கதையை இன்னொரு தடவை படிக்கலாம்.

படிக்க ஒரு சாவி

இந்த ஓவியங்களுக்குப் பேர் தங்கா. அதில் எதுவும் சும்மா அழகுக்கு வரையறது இல்லை. உக்கிர தெய்வங்களின் தலையில் 5 மண்டையோட்டுக் கிரீடம் இருந்தால், ஆசை, கோபம், மயக்கம், கர்வம், பொறாமை என்கிற 5 விஷங்களும் 5 ஞானங்களா மாறினதா அர்த்தம். விஷத்தைத் தூக்கி எறியலை, கிரீடமா மாத்திட்டாங்க. தந்திர பௌத்தத்தோட மொத்த சிலபஸும் இதுதான்!

ஆணும் பெண்ணும் அணைத்தபடி இருக்கும் படங்களும் உண்டு. பின்பெஞ்சு சிரிப்பு கேட்குது... இருங்க! அதை திபெத்திய மொழியில் 'யப்-யும்'னு சொல்றாங்க. அப்பா-அம்மான்னு அர்த்தம். ஆண் உருவம் கருணை, பெண் உருவம் ஞானம். ஒண்ணு இல்லாமல் இன்னொண்ணு பிரயோஜனம் இல்லை என்பதுதான் செய்தி.

எல்லாருமே டெரர் கிடையாது. பச்சை நிறத் தாரா தேவியைப் பாருங்க. ஒரு கால் மடங்கியிருக்க, வலது கால் மட்டும் கீழே நீண்டிருக்கும். கூப்பிட்டால் உடனே எழுந்து ஓடிவரத் தயார்னு அர்த்தம்.

சிக்னேச்சர் இல்லாத கலைஞர்

பருத்தித் துணியை இழுத்துக் கட்டி, சுண்ணத்தையும் பசையையும் பூசி, வழவழன்னு ஆகிற வரைக்கும் தேய்ப்பாங்க. அப்புறம் கோடுகள். எந்த தெய்வத்துக்கு எத்தனை அளவு என்பதெல்லாம் சாஸ்திரப்படி ஃபிக்ஸ் ஆனது. நீலம், பச்சை, சிவப்புன்னு நிறங்கள் எல்லாம் கல்லை அரைச்சு எடுத்தவை. மேலே நிஜத் தங்கம். கடைசியாத்தான் கண். நம்ம சிற்பிகள் சிலைக்குக் கண் திறக்கிற மாதிரியே! மாசக்கணக்கில் உழைச்ச பிறகும் பெரும்பாலான ஓவியர்கள் தங்கள் பேரைப் போடறதில்லை.

சுருட்டிக் கொண்டுவந்த கோயில்

1959-ல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தார். அந்தக் காலகட்டம் தொடங்கி, 1966 முதல் 1976 வரை நடந்த கலாசாரப் புரட்சி முடிவதற்குள், திபெத்தில் ஆயிரக்கணக்கான மடங்கள் சிதைக்கப்பட்டன. சுவரில் இருந்த சித்திரங்கள் சுவரோடு போச்சு. தங்காவை மட்டும் சுருட்டித் தோளில் போட்டுக்கிட்டு மலை தாண்ட முடிஞ்சது.

வந்த இடத்தில் கலையைக் காப்பாத்தணுமே! தர்மசாலா பக்கத்தில் 1988-ல் தொடங்கிய நோர்புலிங்கா நிறுவனம் இளைஞர்களுக்குத் தங்கா வரையக் கத்துக்கொடுக்குது. கோடு கைக்கு வசப்படவே வருஷங்கள் ஆகும். இன்னொரு பக்கம், டூரிஸ்ட் கடைகளில் மெஷினில் அச்சடிச்ச தங்கா மலிவா தொங்குது. அதோடு போட்டி போட்டுக்கிட்டு, ஒரு படத்துக்கு மாசக்கணக்கில் உட்கார எத்தனை பேர் கடைசிவரை இருப்பாங்க என்பதுதான் இன்றைய சிக்கல்.

பார்க்கணும்னா லாசா வரை போக வேண்டாம். மைசூரிலிருந்து குடகு போற வழியில் பைலகுப்பே. 1960-களின் தொடக்கத்தில் உருவான திபெத்திய அகதிகள் குடியிருப்பு. அங்கே இருக்கிற நம்ட்ரோலிங் மடத்தின் தங்கச் சிலைகள் முன்னாடி செல்ஃபி எடுக்க எப்பவும் கூட்டம்தான். நீங்க கொஞ்சம் திரும்பி, சுவர்களையும் நிதானமா பாருங்க. நெருப்புக்கு நடுவில் முறைச்சுக்கிட்டு நிக்கிற ஆசாமி யாராவது கண்ணில் பட்டால் பயப்படாதீங்க. அவர் முறைக்கிறது உங்களை இல்லை... உங்களுக்குள்ளே இருக்கிற எமனை!