ஏணிப்படத்தில் ஓடும் எந்திரங்கள்

புதுச்சேரியின் பழைய தொழிற்பேட்டைகளுள் ஒன்று தட்டாஞ்சாவடியில் இருக்கிறது. தொழில் வணிகத் துறையின் அலுவலகமும் அங்கேதான். இதுபோன்ற பேட்டைகளில் பொட்டலம் கட்டும் எந்திரமோ, பிளாஸ்டிக் வார்க்கும் எந்திரமோ ஓடும் ஏதாவது ஒரு கொட்டகைக்குள் போனால், ஓரத்தில் ஓர் இரும்பு அலமாரி நிற்கும். தொழிலாளர்கள் அதைப் 'பேனல்' என்பார்கள். கதவைத் திறந்தால் கம்பிக் கற்றைகள், காண்டாக்டர்கள், ரிலேக்கள் என்னும் மின்காந்த சுவிட்சுகள், அவற்றுக்கு நடுவே சிறு விளக்குகள் மினுக்கும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதுதான் பி.எல்.சி. (புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர்). கன்வேயர் எப்போது நகர வேண்டும், வால்வு எப்போது திறக்க வேண்டும், மோட்டார் எப்போது நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது அந்தப் பெட்டிதான்.

அதற்குள் இருப்பதும் கணினிதான். ஆனால் மேசைக் கணினியிலிருந்து அது அடிப்படையில் வேறுபட்டது. பெரும்பாலான பி.எல்.சி.களுக்குள் மின்விசிறி கிடையாது. தூசி, அதிர்வு, வெப்பம், பக்கத்தில் பெரிய மோட்டார் ஓடும்போது கிளம்பும் மின் இரைச்சல் எல்லாவற்றையும் தாங்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள். ஒரு பக்கம் சென்சார்களும் பொத்தான்களும் வந்து சேரும், அவை இன்புட். மறுபக்கத்திலிருந்து காண்டாக்டர்களுக்கும் வால்வுகளுக்கும் கட்டளை போகும்; அவை அவுட்புட். இன்புட்டுகளையெல்லாம் படித்துக்கொள்வது, நிரலை மேலிருந்து கீழாக ஒருமுறை ஓட்டுவது, கிடைத்த முடிவை அவுட்புட்டுகளுக்கு அனுப்புவது: இந்தச் சுற்றைப் பெட்டி ஓயாமல் செய்துகொண்டே இருக்கிறது. இதற்கு 'ஸ்கேன்' என்று பெயர். ஒரு சுற்று பெரும்பாலும் சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும்.

இது பிறந்த இடம் அமெரிக்காவின் கார்த் தொழிற்சாலை. 1960களில் அங்கே எந்திரங்களை நூற்றுக்கணக்கான ரிலேக்கள் இயக்கின. காரின் மாடல் மாறும்போதெல்லாம் பேனல் முழுவதையும் பிரித்துக் கம்பி மாற்ற வேண்டியிருந்தது. 1968இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, கம்பியைத் தொடாமலே வேலையை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு கருவி வேண்டும் என்று கேட்டது. டிக் மோர்லி என்ற பொறியாளரும் அவருடைய பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் குழுவினரும் செய்து கொடுத்த கருவிக்கு மோடிகான் 084 என்று பெயர். அது பெட்ஃபோர்டு அசோசியேட்ஸின் 84ஆவது திட்டம் என்பதால் அந்த எண்.

அந்தக் கருவிக்கு என்ன மொழியில் கட்டளை எழுதுவது என்பதில் எடுத்த முடிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். கணினி வல்லுநர்களின் மொழியை அவர்கள் தொழிற்சாலைக்குள் கொண்டுவரவில்லை. எலெக்ட்ரீஷியன்கள் ஏற்கெனவே தாளில் வரைந்துகொண்டிருந்த ரிலே படத்தையே நிரலாக்கினார்கள். இரு பக்கமும் நெட்டுக்கோடுகள், நடுவே படிகள். ஒவ்வொரு படியிலும் இடப்புறம் நிபந்தனைகள், வலக்கோடியில் நடக்க வேண்டிய செயல். பார்க்க ஏணி போலிருப்பதால் 'லேடர்'. வயரிங் தெரிந்தவர் இதை உடனே படித்துவிடுவார். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிப்பு முடித்த ஒருவர் இன்று பி.எல்.சி. நிரல் எழுதுகிறார் என்றால், அந்த முடிவு அதற்கு ஒரு பெரிய காரணம்.

நம்மூர் ஆட்களுக்கு நன்கு பழகிய ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரையே எடுத்துக்கொள்வோம். பெரிய மோட்டாரை நேரடியாக மின்சாரத்தில் போட்டால் கிளம்பும் நேரத்தில் வழக்கமானதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அதனால் முதலில் ஸ்டார் இணைப்பில் கிளப்புவார்கள். லைனில் இழுக்கும் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். மோட்டார் வேகம் பிடித்ததும் டெல்டாவுக்கு மாற்றுவார்கள். லேடரில் இதற்குச் சில படிகள் போதும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் மெயின் காண்டாக்டரும் ஸ்டாரும் விழும், அதாவது இணையும். ஒரு டைமர் சில நொடி எண்ணும். பிறகு ஸ்டார் விடும், டெல்டா விழும்.

ஆனால் பொத்தானிலிருந்து விரலை எடுத்ததும் மோட்டார் நின்றுவிடக் கூடாதே. அதற்காக மெயின் காண்டாக்டரின் நிலையையே ஸ்டார்ட் பொத்தானுக்கு இணையாக அதே படியில் போட்டு வைப்பார்கள். இதுதான் ஹோல்டிங். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கரண்ட் போனால் ஹோல்டிங் அறுந்துவிடும். திரும்பி வந்தால் எந்திரம் தானாக ஓடாது. கரண்ட் இல்லாத நேரத்தில் சிக்கியதை எடுக்கக் கையை உள்ளே விட்டிருக்கும் தொழிலாளியின் விரல்களைக் காப்பது அந்த ஒரு படிதான்.

அடுத்தது ஸ்டாப் பொத்தான். அழுத்தினால் சிக்னல் வரும்படி வைப்பதுதான் இயல்பு என்று தோன்றும். தொழிலில் நேர்மாறாகச் செய்கிறார்கள். சும்மா இருக்கும்போது சிக்னல் வந்துகொண்டே இருக்கும், அழுத்தினால் அறும். இதை என்.சி. (நார்மலி குளோஸ்டு) என்பார்கள். எலி கம்பியைக் கடித்தாலும், டெர்மினலில் ஸ்க்ரூ தளர்ந்தாலும், பெட்டிக்கு அது ஸ்டாப் அழுத்தியது போலத்தான் தெரியும், எந்திரம் நின்றுவிடும். மாறாக வைத்திருந்தால், கம்பி அறுந்தது யாருக்கும் தெரியாது. ஆபத்து வரும் நாளில் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாகக் கற்பவர்கள் குழம்புவதும் இங்கேதான். வெளியே பொத்தான் என்.சி. என்பதால், லேடரில் அதற்குத் திறந்த காண்டாக்டின் குறியைப் போட வேண்டும். சிக்னல் எப்போதும் வந்துகொண்டிருப்பதால் அந்தக் காண்டாக்ட் நிரலுக்குள் மூடியே இருக்கும்.

ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரத்தில் விழுந்தால் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நேரடி ஷார்ட். எனவே ஒன்று இருக்கும்போது மற்றது விழாதபடி லேடரில் தடை வைப்பார்கள். அது மட்டும் போதாது. ஸ்டார் காண்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், ஸ்டாரை விட்டாயிற்று என்று நிரல் நம்பிக்கொண்டிருக்கும். உண்மையில் அது விட்டிருக்காது. அதனால் அதே தடையைக் கம்பியிலும் போடுவார்கள். எமர்ஜென்சி ஸ்டாப்புக்கும் இதே விதிதான்: அது சாதாரண பி.எல்.சி.யின் நிரலை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. பெட்டி உறைந்து நின்றாலும் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி தனிக் கம்பிவழி இருக்க வேண்டும். எந்திரம் ஒழுங்காக ஓடும்போது என்ன நடக்க வேண்டும் என்று எழுதுவது இந்தத் தொழிலில் சிறு பங்கு. எது எது கெடும், அப்போது எந்திரம் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்று யோசிப்பதில்தான் பெரும்பகுதி கழிகிறது.

ஸ்கேன் முறையாலும் சில பொறிகள் உண்டு. ஒரே அவுட்புட்டை இரண்டு படிகளில் எழுதினால் கடைசியில் வரும் படியே வெல்லும். மேலே எழுதியது சரியாக இருந்தும் மோட்டார் ஓடாது. ஒரு பாட்டில் சென்சாரைக் கடக்கும் நேரம் ஸ்கேனைவிடக் குறைவாக இருந்தால், அது கணக்கில் வராமலே போகலாம். வேகமான லைன்களுக்குத் தனிக் கவுண்டர் இன்புட்டுகள் வைப்பது இதற்காகத்தான்.

படிப்படியாக நடக்கும் வேலைகளுக்கு, அதாவது தொட்டியை நிரப்பு, சூடாக்கு, கலக்கு, வடி என்பது போன்றவற்றுக்கு, லேடர் சீக்கிரமே சிக்கலாகிவிடும். அதற்கு நல்ல வழி காட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1954இல் அவர்கள் புதுச்சேரி நிர்வாகத்தை விட்டுச் சென்று இருபதாண்டுகளுக்கும் மேல் ஆன பிறகு, 1977இல், பிரான்சில் ஆய்வாளர்களும் தொழில்துறையினரும் சேர்ந்த ஒரு குழு கிராஃப்செட் என்ற வரைமுறையை வெளியிட்டது. ஒவ்வொரு கட்டமும் ஒரு பெட்டி. அடுத்த கட்டத்துக்குப் போகும் நிபந்தனை ஒரு குறுக்குக்கோடு. எந்திரம் எந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். 1993இல் வந்த ஐ.ஈ.சி. (பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம்) தரநிலை, லேடரோடு இந்த வழியையும் ஏற்றது. ரிலே வாசனையே இல்லாத, கணினி நிரல் போன்ற எழுத்து மொழியும் அதில் உண்டு. இளைஞர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். கணக்கு அதிகமுள்ள இடத்தில் அது சிறந்ததுதான். ஆனால் இரவு ஷிஃப்டில் எந்திரம் நின்றால் பேனலைத் திறக்கப்போவது எலெக்ட்ரீஷியன் என்பதால், அவர் படிக்கக்கூடிய லேடர் எனக்கு இன்னும் மேலாகத் தெரிகிறது.

தட்டாஞ்சாவடிக்குப் பக்கத்திலேயே இலாசுப்பேட்டையில் மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. அங்கிருந்து படித்து வரும் பிள்ளைகளுக்கும், சிறு தொழில் முதலாளிகளுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. எந்திரத்தை நிறுவியவர் போகும்போது நிரலின் நகலையும், எந்த இன்புட்டில் எந்த சென்சார் என்ற பட்டியலையும், பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய மாடல்கள் பலவற்றில் நிரலைக் காப்பது ஒரு சிறு பேட்டரி; அது தீர்ந்திருக்கும்போது கரண்ட் போனால் நிரல் அழிந்துவிடும். பேட்டரியை மாற்றிய தேதியைப் பேனல் கதவின் உட்புறம் எழுதி ஒட்டி வையுங்கள்.