உதவி செல்லும் வழி

திருவண்ணாமலையில் வாழும் எங்களுக்குப் பெருங்கூட்டம் புதிதன்று. கார்த்திகைத் தீபத்தின்போது இலட்சக்கணக்கானோர் வருவர். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அன்னதானம் நடைபெறும். அதற்கான அரிசி எந்த மண்டியிலிருந்து, யாருடைய வண்டியில் வரும் என்பதைப் பல நாள் முன்னரே பேசி முடித்துவிடுவார்கள். தீபத்திற்கு நாள் குறிக்கலாம். பேரிடருக்கு நாள் குறிக்க இயலுமா?

2024 டிசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் கொணர்ந்த பெருமழையில் எங்கள் மலைச்சரிவில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் எழுவர் மாண்டனர். சாத்தனூர் அணை நிரம்பித் தென்பெண்ணை பெருக்கெடுத்தது. சில மாதங்களுக்கு முன் கட்டி முடித்த அகரம்பள்ளிப்பட்டு, தொண்டமானூர் பாலத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. விழுப்புரம் அருகே சென்னை, திருச்சி நெடுஞ்சாலையிலும் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து நின்றது. இத்தகைய வேளையில் உணவும் மருந்தும் எவ்வாறு வந்து சேரும்? இதுவே இன்று நாம் ஆராயும் பொருள்.

லாரிகளும் கிடங்குகளும் பெரும்பாலும் வணிக நிறுவனங்களிடமே உள்ளன. ஆதலின் நிவாரணப் பணி செய்வோர் அவர்களை நாடியே தீரவேண்டும். எப்போது நாடுவது என்பதில்தான் வேறுபாடு.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தைத் தாக்கியபோது நான் ஆசிரியராக இருந்தேன். மாணவர்கள் வீடு வீடாகச் சென்று அரிசி திரட்டினர். ஒருவர் லாரி அனுப்புவதாக வாய்மொழியாகச் சொன்னார், நாங்களும் நம்பினோம். லாரி வரவில்லை. மூன்று நாள் மூட்டைகள் வகுப்பறையிலேயே கிடந்தன. அவர்மீது மட்டும் பழி கூறேன். முன்னரே ஆராய்ந்து ஏற்பாடு செய்யாதது எங்கள் பிழையே.

உலகமும் அந்த ஆழிப்பேரலையில் இதே பாடத்தைக் கற்றது. 2005இல் பன்னாட்டுச் சரக்குப் போக்குவரத்து நிறுவனங்கள் சில ஒன்றுகூடி அவசர உதவிக் குழுக்களை அமைத்தன. மெர்ஸ்க், யு.பி.எஸ்., அஜிலிட்டி போன்றவை அவற்றில் பங்கேற்று, ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டத்தோடு இணைந்து கிடங்கு, வண்டி, வல்லுநர் ஆகிய உதவிகளை அளிக்கின்றன. இடர் வருமுன்னரே செய்துகொண்ட உடன்பாடே இதன் வலிமை.

அவ்வாறாயின், நிறுவனத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? நான்கு வினாக்களைக் கேளுங்கள். முதலாவது, நம் மாவட்டத்திலேயே அதற்கு வண்டியும் ஓட்டுநரும் உண்டா? இரண்டாவது, பாலம் உடைந்தால் மாற்றுவழி அறியுமா? சிற்றூர்ப் பாதைக்கேற்ற சிறு வண்டி வைத்துள்ளதா? மூன்றாவது, இடர்க்காலத்தில் ஏற்றாத வாடகைக்கு எழுத்தில் இசையுமா? நான்காவது, ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்குக் காட்டி, எந்தத் தெருவையும் ஒதுக்காமல் கொண்டு சேர்க்குமா?

இவற்றிற்கு இசைந்தாலும் ஒருவரையே நம்பலாகாது. வெவ்வேறு திசைகளிலிருந்து வரக்கூடிய இருவரேனும் வேண்டும். ஆண்டுதோறும் மழைக்காலத்திற்கு முன் ஒருமுறை ஒத்திகையும் நடத்தவேண்டும்.

இளைஞர்களே, இரக்கம் நம் நாட்டில் குறைவன்று. திரட்டிய அரிசி பசித்தவன் கையை அடையும் வரை அறம் நிறைவு பெறாது என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள்.