முள் காலர் மாட்டினால் நாய் இழுப்பதை நிறுத்திவிடுமா? பெரிய நாய் வளர்ப்பவர்கள் கவனத்துக்கு!

பாப்பிரெட்டிப்பட்டியில் காலை ஆறு மணிக்குத் தெருவில் நின்று பாருங்கள். பால் கேன் கட்டிய டூவீலர்கள் போகும். அரவை சீசன் என்றால், கோபாலபுரம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் போகும். இவற்றுக்கு நடுவே ஒரு லாப்ரடாரோ ஜெர்மன் ஷெப்பர்டோ முன்னால் பாய்ந்துகொண்டிருக்க, கயிற்றின் மறுமுனையில் ஒருவர் செருப்பு தேயத் தேய இழுபட்டுக்கொண்டு போவார்.

சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் இந்த ஊர்ப்பக்கம், நாய் என்றால் பெரும்பாலும் தோட்டத்துக் காவல் நாய்தான். பகலில் கட்டிப்போட்டு, ராத்திரியில் அவிழ்த்துவிடுவார்கள். கரும்புக்காட்டையும் மரவள்ளிக்காட்டையும் சுற்றிவந்து அதுவே தன் நடையை முடித்துக்கொள்ளும். கயிறு பிடித்து வாக்கிங் கூட்டிப்போவது சமீபத்துப் பழக்கம். பெரிய இன நாய்கள் டவுன் வீடுகளுக்குள் வந்த பிறகுதான் அது வந்தது. கூடவே ‘இழுக்குது’ என்ற புகாரும் வந்துவிட்டது.

வளர்ந்த ஆண் லாப்ரடார் 30 முதல் 36 கிலோ வரை இருக்கும். ராட்வைலர் என்றால் 50 கிலோவைத் தாண்டும். 55 கிலோ எடையுள்ள ஒரு அக்கா இதைப் பிடித்துக்கொண்டு போகும்போது எதிரே ஒரு பூனை ஓடினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் 2001 முதல் 2020 வரை, கயிற்றில் கட்டிய நாயோடு நடந்தபோது அடிபட்டு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்த பெரியவர்கள் சுமார் 4 லட்சத்து 22 ஆயிரம் பேர் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2023-ல் கணக்கிட்டார்கள். விரல் எலும்பு முறிவு, தலைக்காயம், தோள்பட்டைச் சுளுக்கு ஆகிய மூன்றும்தான் அதில் அதிகம். நான்கில் மூன்று பேர் பெண்கள். கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொள்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பார்சலில் வரும் தீர்வு

நாய் இழுக்கிறது என்றதும் பலரும் மொபைலை எடுத்துத் தேடுகிறார்கள். ‘டிரெய்னிங் காலர்’ என்ற பெயரில் வரிசையாக வந்து நிற்கும். மூன்று நாளில் வீட்டு வாசலுக்கே பார்சல் வந்துவிடுகிறது. பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, சோக் செயின். இரண்டு முனையிலும் வளையம் உள்ள இரும்புச் சங்கிலி. நாய் இழுத்தால் சுருக்குக் கயிறு மாதிரி இறுகும், நின்றால் தளரும். தளர வேண்டும் என்றால் சரியான பக்கத்தில் மாட்டியிருக்க வேண்டும். திருப்பி மாட்டிவிட்டால் இறுகியது இறுகியபடியே நிற்கும். இதைப் பெட்டியில் யாரும் பெரிய எழுத்தில் அச்சடிப்பதில்லை.

இரண்டாவது, முள் காலர். உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகள், நாய் இழுக்கும்போது கழுத்தைச் சுற்றிலும் அழுத்தும். மூன்றாவது ஷாக் காலர். ரிமோட்டை அழுத்தினால் கழுத்தில் மின் அதிர்ச்சி கொடுக்கும்.

இவை எல்லாமே பழைய காலத்து போலீஸ், ராணுவ நாய்ப் பயிற்சியின் வாரிசுகள். ஜெர்மன் போலீஸ் பயிற்சியாளர் கான்ராட் மோஸ்ட் 1910-லேயே வலியை வைத்துப் பழக்கும் முறையைப் புத்தகமாக எழுதிவிட்டார். 1962-ல் அமெரிக்கப் பயிற்சியாளர் வில்லியம் கோலர் எழுதிய புத்தகம் சோக் செயினை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர்கள் பேசிய முறைக்குப் பின்னால் தினசரி மணிக்கணக்கில் பயிற்சியும் அனுபவமுள்ள கையும் இருந்தன. நமக்கு வருவது பார்சல் மட்டும்தான்.

சரி, இவை வேலை செய்யுமா? உண்மையைச் சொன்னால், முதல் வாரம் செய்யும். வலித்தால் எந்த உயிரும் நிற்கத்தான் செய்யும். ஆனால், கழுத்து என்பது வெறும் கைப்பிடி இல்லை. மூச்சுக்குழாய், உணவுக்குழாய், பெரிய ரத்தக்குழாய்கள், தைராய்டு சுரப்பி எல்லாம் அந்தக் கொஞ்ச இடத்துக்குள்தான் இருக்கின்றன. கழுத்துப் பட்டையில் இழுபடும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது, மார்போடு சேர்த்து மாட்டும் ஹார்னஸில் அப்படிக் கூடவில்லை என்று 2006-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பிரிட்டனின் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக் கழுத்து ஒன்றில் பல வகை காலர்களை மாட்டி இழுத்துப் பார்த்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். பலமாக இழுக்கும்போது கழுத்துக்கு ஆபத்து இல்லை என்று சொல்லும்படி ஒரு காலர்கூட இல்லை. மெத்தை வைத்த பட்டையும் சேர்த்துத்தான்.

இன்னொரு சிக்கல் வெளியே தெரியாது. எதிரே ஒரு குழந்தை சைக்கிளில் வருகிறது, நாய் ஆர்வத்தில் பாய்கிறது, அந்த நொடியில் கழுத்தில் சுருக்கென்று குத்துகிறது. ‘நான் இழுத்ததால் குத்தியது’ என்று நாய் புரிந்துகொள்ளும் என நாம் நினைக்கிறோம். ‘சைக்கிள் வந்தால் வலிக்கும்’ என்றும் அது புரிந்துகொள்ளலாம். அடுத்த முறை சைக்கிளைப் பார்த்ததும் உறுமும். சாதுவாக இருந்த நாய், பயிற்சி கொடுத்த பிறகு கோபக்காரனாக மாறிவிட்டது என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கலாம்.

வேல்ஸ் நாடு 2010-லேயே ஷாக் காலருக்குத் தடை போட்டது. ஜெர்மனி 2022 முதல் பயிற்சியில் முள் காலரைத் தடை செய்திருக்கிறது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகம் 63 நாய்களை வைத்து, கூப்பிட்டால் வரப் பழக்கும் பயிற்சியை ஒப்பிட்டுப் பார்த்தது. ஷாக் காலர் குழுவைவிட, தின்பண்டம் கொடுத்துப் பழக்கிய குழுதான் சீக்கிரம் சொல்பேச்சு கேட்டது.

நாய் ஏன் இழுக்கிறது?

திமிரால் இல்லை. நம்மை அடக்கி ஆளவும் இல்லை. நாயின் இயல்பான நடை நம் நடையைவிட வேகமானது. அதோடு, இழுத்தால் போக முடிகிறது என்பதை அதற்குக் கற்றுக்கொடுத்ததே நாம்தான். மின்கம்பத்தை நோக்கி இழுக்கிறது, நாமும் பின்னாலேயே போகிறோம், மின்கம்பம் கிடைத்துவிடுகிறது. ஒரு நாளைக்கு இப்படி ஐம்பது முறை நடந்தால், ஐம்பது முறை பரிசு கொடுத்த மாதிரிதான்.

நம் நாட்டு இனங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கு வளர்க்கப்பட்டவை. ராஜபாளையம் பன்றி வேட்டைக்குப் பேர்போனது. தூரத்தில் ஓர் அசைவு தெரிந்தால் பாய வேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த நாயிடம், ஆட்டுக்குட்டி ஓடும்போது சும்மா வா என்றால் அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகளும் உண்டு. எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்பவில்லை என்றால், திட்டும் முன் கால்நடை மருத்துவரிடம் காதைக் காட்டிவிடுங்கள்.

மாட்டைப் பார்த்தால் புரியும்

மாடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பாரம் இழுக்க வேண்டுமென்றால் நுகத்தடியைத் திமிலுக்கு முன்னால் வைக்கிறோம். திருப்ப வேண்டுமென்றால் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கிறோம். இழுக்க ஓரிடம், திருப்ப வேறிடம்.

நாய்க்கும் அப்படியே. முதுகின் மேல் கொக்கி உள்ள ஹார்னஸை வாங்கி மாட்டிவிட்டு, ‘இதுல இன்னும் ஜாஸ்தி இழுக்குது’ என்று சொல்பவர்கள் நிறைய பேர். இழுக்காமல் என்ன செய்யும்? பனிப்பிரதேசத்தில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களுக்கு, பலத்தை மார்பில் வாங்கிப் பின்பக்கம் கயிறு கட்டும் சேணத்தைத்தான் மாட்டுகிறார்கள். வாங்குவதென்றால் நெஞ்சுக்கு நேரே முன்பக்கம் கொக்கி உள்ள ஹார்னஸாகப் பார்த்து வாங்குங்கள். நாய் முன்னால் பாய்ந்தால் அதன் உடம்பு நம் பக்கமாகத் திரும்பிவிடும். வேகம் தானாகவே குறையும்.

மிகவும் பலமான நாய்களுக்கு, மூக்கின் மேல் ஒரு பட்டையும் காதுக்குப் பின்னால் ஒரு பட்டையும் வரும் தலைக்கச்சை இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த விலங்கு நடத்தை நிபுணர் ரோஜர் மக்ஃபோர்ட் பிரபலப்படுத்திய ‘ஹால்ட்டி’ இந்த வகைதான். கன்றுக்குட்டிக்குப் போடும் தலைக்கயிறு மாதிரியே இருக்கும். நாயின் வாயை இது கட்டுவதில்லை, நாய் தாராளமாகத் தண்ணீர் குடிக்கும். ஆனால், மாட்டியதும் பிடித்துப்போகாது. ஒரு வாரமாவது வீட்டுக்குள்ளேயே மாட்டி, தின்பண்டம் கொடுத்துப் பழக்க வேண்டும். இதை மாட்டிக்கொண்டு வெடுக்கென்று சுண்டி இழுக்கக் கூடாது, கழுத்து திருகிக்கொள்ளும்.

எதை மாட்டினாலும் பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். பெயர், போன் நம்பர் பொறித்த தகடு தொங்க, சாதாரண கழுத்து பெல்ட் எப்போதும் இருக்கட்டும். இழுப்பதற்கு மட்டும் அது வேண்டாம்.

நாற்பது அடி வாக்கிங்

இனி, பார்சலில் வராத பகுதி. ஐந்தாறு அடி நீளக் கயிறு போதும். பொத்தானை அழுத்தினால் நீண்டுகொண்டே போகும் வகையைப் பெரிய நாய்க்கு வாங்காதீர்கள். முதலில் வீட்டு முற்றத்திலோ களத்திலோ ஆரம்பியுங்கள். நாய் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் வேகவைத்த கோழி ஈரலில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு கொடுங்கள். கயிறு விறைத்தால் அப்படியே நின்றுவிடுங்கள். அதட்ட வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். அது திரும்பிப் பார்த்துக் கயிறு தளர்ந்த அடுத்த நொடியில் நடையைத் தொடருங்கள். இவ்வளவுதான்.

கேட்க எளிது, செய்யப் பொறுமை வேண்டும். என் சித்தப்பா வீட்டு ராஜபாளையத்துக்கு இப்படி ஆரம்பித்த முதல் நாள், பத்து நிமிடத்தில் நாற்பது அடி தாண்டவில்லை. நடுத்தெருவில் சிலை மாதிரி நின்றுகொண்டிருந்த சித்தப்பாவைப் பார்த்து, ‘என்னண்ணே, நாய் பிரேக்டவுனா?’ என்று கேட்டுவிட்டுப் போனார் ஒருவர். இரண்டாவது வாரத்தில் தெருமுனை வரை போனார்கள். ஒன்றரை மாதத்தில், கயிறு தொங்கலாக இருக்க, டீக்கடை வரை போய் வந்தார்கள். தெருநாய்களைப் பார்த்தால் மட்டும் இன்றைக்கும் கொஞ்சம் விறைக்கிறது.

வீட்டில் ஒருவர் நிற்பதும் மற்றவர் இழுத்த இழுப்புக்குப் போவதுமாக இருந்தால், இந்தப் பயிற்சி எடுபடாது. லாட்டரி மாதிரி ஆகிவிடும். எப்போதாவது விழும் என்று தெரிந்தால் நாய் இன்னும் விடாமல் இழுக்கும்.

மோப்பம் பிடிக்கவும் நேரம் கொடுங்கள். நமக்கு டீக்கடை பெஞ்ச் எப்படியோ, அதற்கு அந்த மின்கம்பம் அப்படி. நன்றாக நடந்துவந்தால் மின்கம்பத்தையே பரிசாகக் கொடுக்கலாம், ஈரல் மிச்சம்.

தெருநாய்கள்தான் நம் ஊரின் உண்மையான பரீட்சை. வெளிநாட்டுப் பயிற்சி வீடியோக்களில் இந்தப் பாடமே வராது. தூரத்தில் கூட்டத்தைப் பார்த்தவுடன் பாதையை மாற்றுங்கள், கிட்டே போன பிறகு மாற்ற முடியாது. உங்கள் நாய் அவற்றைப் பார்த்தும் குரைக்காமல் இருக்கும் தூரம் எதுவோ, அங்கிருந்தே ஈரல் கொடுத்துக்கொண்டு நகருங்கள். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் உங்கள் பதற்றம் கயிறு வழியாகவே நாய்க்குப் போய்விடும். ரேபிஸ் தடுப்பூசி போடாமல் வாசலைத் தாண்டவே கூடாது. சண்டையில் சின்னக் கீறல் பட்டாலும் சோப்பு போட்டுத் தண்ணீரில் கழுவிவிட்டு, அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். கடியோ கீறலோ உங்கள் மேல் பட்டால், கால் மணி நேரம் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கயிறு இழுக்கிறதே என்று கழற்றிவிடுவதும் தீர்வு இல்லை. 2024 மே 5-ம் தேதி சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில், கயிறில்லாமல் இருந்த இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய சம்பவம் நினைவிருக்கும். நாயின் உரிமையாளர் கைதானார். நாயால் மற்றவர் உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாக இருந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. சின்னப் பிள்ளைகளிடமும் வயதானவர்களிடமும் பெரிய நாயின் கயிற்றைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

பலருக்கும் தெரியாத இன்னொரு சட்டமும் இருக்கிறது. 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவு. எப்போதும் கட்டிவைத்தோ அடைத்துவைத்தோ வளர்க்கும் நாய்க்குப் போதுமான உடற்பயிற்சி கொடுக்காமல் விடுவது அதன்படி குற்றம். அநியாயத்துக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டிவைப்பதும் குற்றம். முதல் முறை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்தத் தொகைக்கு யாரும் பயப்படப் போவதில்லை. ஆனால், இருபத்து மூன்று மணி நேரம் இரண்டு முழச் சங்கிலியில் கிடந்த நாய், மிச்சமுள்ள ஒரு மணி நேரத்தில் இழுக்காமல் வேறென்ன செய்யும்? கேட் மூடிய முற்றத்தில் காலையில் அரை மணி நேரம் அவிழ்த்துவிட்டு, பந்தையோ பழைய துணியையோ போட்டு ஓடவிட்ட பிறகு வாக்கிங் கூட்டிப்போய்ப் பாருங்கள். பாதி இழுப்பு அங்கேயே குறைந்துவிடும்.

கழுத்து பெல்ட்டில் இழுபட்டுப் பழகிய நாய் வாத்து கத்துவது போல இருமினாலோ, திடீரென்று நடக்க மறுத்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கோடைக்கு மட்டும் ஒரு வேலை கூடுதலாக இருக்கிறது. கிளம்பும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். கை தாங்கவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது, அன்றைக்கு இருட்டிய பிறகு கிளம்புங்கள்.